பிளேட்லெட் ஏன் இறங்குகிறது, ஏன் தானாக ஏறுகிறது? ரத்த அணுக்களின் எளிய கணிதம்

டெங்குக் காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஓர் எண் புழங்கும்: பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணு) எண்ணிக்கை. "நேத்து எண்பதாயிரம், இன்னைக்கு நாற்பதாயிரம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரிசோதனைத் தாளின் படம் வந்து விழும். பின்னாலேயே பப்பாளி இலைச் சாறு, மாதுளை, கிவிப் பழம் என்று யோசனைகள் வரிசைகட்டும். மறுநாள் எண் ஏறினால் சாறு சொன்னவருக்குப் பெருமை, இறங்கினால் டாக்டருக்குத் திட்டு.

இந்தப் பேச்சில் எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண் எப்படி உண்டாகிறது என்று கேட்பவர் குறைவு. ரத்த அணுக்களைக் கணிதத்தால் ஆராய்பவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி அதுதான். அவர்கள் எழுதும் சமன்பாடுகளைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் கூட்டலும் கழித்தலும்தான்.

நீர்மட்டம் ஒன்று, நீர்வரத்து வேறொன்று

காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களில் மேட்டூர் அணையைப் பற்றி நாளிதழில் தினமும் ஒரு சிறு செய்தி இருக்கும். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். மட்டம் 100 அடியிலேயே நிற்கிறது என்றால் வரத்தும் இல்லை, வெளியேற்றமும் இல்லை என்று இருக்கலாம். அல்லது 20,000 கன அடி வந்து, அதே 20,000 கன அடி வெளியே போய்க்கொண்டிருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கர்நாடக அணைகளில் திறந்த தண்ணீர் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்கு வந்துசேர நாள் கணக்காகிறது. இன்று அணைக்குள் நுழையும் தண்ணீர், முன்பு என்றோ எடுத்த முடிவின் விளைவு.

ரத்தப் பரிசோதனைத் தாள் நமக்குத் தருவது நீர்மட்டம் மட்டுமே. வரத்தையும் வெளியேற்றத்தையும் அது சொல்வதில்லை. கணிதத்தின் வேலை, நேரடியாகத் தெரியாத அந்த இரண்டையும் மட்டம் ஏறி இறங்கும் விதத்திலிருந்து ஊகிப்பது.

வரத்து எங்கிருந்து வருகிறது? எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையிலிருந்து. அங்கே இருக்கும் மூலச்செல்கள் (எந்த ரத்த அணுவாகவும் மாறக்கூடிய தாய்ச் செல்கள்) பிரிந்து பிரிந்து சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் என்று எல்லாவற்றையும் உண்டாக்குகின்றன. இப்படியொரு செல் இருக்கிறது என்பதற்கான முதல் உறுதியான சான்றை 1961-இல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்குல்லாக்கும் எலிகளில் செய்த சோதனை தந்தது.

வெளியேற்றம் என்பது அணுக்களின் சாவு. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். பிளேட்லெட்டுக்கு 8 முதல் 10 நாள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை, கிருமி புகுந்த இடத்துக்கு முதலில் ஓடும் படை, ரத்தத்தில் தங்குவது சில மணி நேரமே என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

ஒரு வரிக் கணக்கு

கணித மாதிரி என்றால் ஏதோ பெரிய கணினி நிரல் என்று நினைக்க வேண்டாம். ஒரு பொருளின் அளவு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை எண்களாக எழுதிவைத்து, அடுத்து என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான். நம்முடைய மாதிரி இது:

நாளைய அளவு = இன்றைய அளவு + இன்றைய உற்பத்தி − இன்றைய இழப்பு

இதையே நாள் நாளாகப் பார்க்காமல் நொடிக்கு நொடி மாறுவதாக எழுதினால் அதற்குப் பெயர் வகைக்கெழுச் சமன்பாடு. பெயரைத் தெரிந்துகொண்டால் போதும், நமக்கு மேலே உள்ள வரியே போதுமானது.

எண்களைப் போடுவோம். பிளேட்லெட் 2.5 லட்சம் என்று தாளில் இருந்தால், அது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது குண்டூசித் தலை அளவுத் துளியில், இருக்கும் எண்ணிக்கை. உடலில் 5 லிட்டர் ரத்தம் என்று வைத்தால் மொத்தம் 1.25 லட்சம் கோடி பிளேட்லெட்கள். ஆயுள் 10 நாள் என்றால் தினமும் பத்தில் ஒரு பங்கு, 12,500 கோடி, செத்துப்போகிறது. மட்டம் மாறாமல் இருக்க வேண்டுமானால் மஜ்ஜை தினமும் அதே 12,500 கோடியைப் புதிதாக அனுப்பியாக வேண்டும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடக்கும் நாளிலும் இது நடக்கிறது.

கையாள எளிதாக ஒரு மைக்ரோலிட்டருக்கே கணக்கை வைத்துக்கொள்வோம்: மட்டம் 2,50,000, தினசரி உற்பத்தி 25,000, தினசரி இழப்பு 25,000.

இப்போது மஜ்ஜை அடியோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேட்லெட் கூட வரவில்லை. ஆயுள் மட்டும் மாறவில்லை. மூன்று நாளில் மட்டம் எங்கே வரும்? நாளுக்கு 25,000 போனால் 1,75,000. அவ்வளவுதான். உற்பத்தி முழுதாக நின்றும் மூன்று நாளில் அதற்குக் கீழே போகாது.

ஆனால் டெங்குவில் மூன்று நாளில் 2,50,000 சரிந்து 40,000-க்கு வருவதைப் பார்க்கிறோம். ஆக, "மஜ்ஜை வேலை செய்யவில்லை" என்ற ஒரே காரணத்தால் இந்தச் சரிவை விளக்க முடியாது. வெளியேற்றமும் கூடியிருக்க வேண்டும், அதுவும் இயல்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காவது (நாளுக்கு 70,000). மருத்துவ ஆய்வுகள் சொல்வதும் இதுதான்: டெங்குவின் தொடக்கத்தில் வைரஸ் மஜ்ஜையை மந்தமாக்குகிறது, கூடவே ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட்கள் எதிர்ப்பாற்றலின் தாக்குதலிலும் ரத்தநாளச் சுவர்களில் ஒட்டியும் தீர்ந்துபோகின்றன. எனக்கு இந்தச் சிறு கணக்கு பிடிப்பதற்குக் காரணம், நுண்ணோக்கி இல்லாமல், பேனாவும் காகிதமும் கொண்டு ஒரு விளக்கத்தைத் தள்ளிவிட முடிகிறது என்பதே.

இதுவரை பார்த்தது: தாளில் இருக்கும் எண் ஒரு மட்டம். அது இறங்கினால் வரத்து குறைந்திருக்கலாம், வெளியேற்றம் கூடியிருக்கலாம், இரண்டுமே நடந்திருக்கலாம். எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது எது என்று காட்டிக்கொடுக்கும்.

மஜ்ஜைக்கு எப்படித் தெரியும்?

பிளேட்லெட் குறைந்தால் மஜ்ஜை கூடுதலாக உண்டாக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? இங்கே உடல் செய்திருக்கும் ஏற்பாடு அழகானது. கல்லீரல் த்ரோம்போபொய்ட்டின் என்ற ஹார்மோனை ஏறக்குறைய ஒரே சீராகச் சுரந்துகொண்டிருக்கிறது. மஜ்ஜையை "உற்பத்தி செய்" என்று தூண்டுவது அது. பிளேட்லெட்கள் ரத்தத்தில் மிதந்தபடியே இந்த ஹார்மோனைப் பிடித்து விழுங்கிவிடும். பிளேட்லெட் நிறைய இருந்தால் ஹார்மோன் அதிகம் மிஞ்சாது, மஜ்ஜை நிதானமாக இருக்கும். பிளேட்லெட் குறைந்தால் விழுங்க ஆளில்லாமல் ஹார்மோன் ரத்தத்தில் தேங்கும், மஜ்ஜை முடுக்கிவிடப்படும். தனியாக எண்ணிப் பார்க்கும் உறுப்பு எதுவும் தேவையே இல்லை.

விளைவு திரும்பிவந்து காரணத்தை மாற்றும் இந்த ஏற்பாட்டைப் பின்னூட்டம் என்பார்கள். நம் ஒருவரிக் கணக்கில் உற்பத்தி இனி நிலையான 25,000 அல்ல. மட்டம் தாழத் தாழ அது கூடும்.

முடுக்கிவிட்டாலும் உடனே பலன் தெரியாது. மஜ்ஜையில் ஒரு தாய்ச் செல் பெருத்து, முதிர்ந்து, பிளேட்லெட்களாக உதிர ஐந்து நாள் போல ஆகும். திறந்துவிட்டாயிற்று, தண்ணீர் இன்னும் வந்துசேரவில்லை என்ற நிலை.

பப்பாளி இலை பற்றி இந்தக் கணக்கு என்ன சொல்கிறது?

டெங்குக் காய்ச்சலின் ஆறாம், ஏழாம் நாள் என்று வையுங்கள். வைரஸ் ஒடுங்கிவிட்டது. பிளேட்லெட் 40,000. அழிவு நின்று, ஆயுள் பழையபடி 10 நாளுக்குத் திரும்பிவிட்டது. மஜ்ஜை கூடுதல் முனைப்பு எதுவும் காட்டாமல் வழக்கமான 25,000-ஐ அனுப்பினாலே, இழப்பு 4,000 போக, நாளுக்கு 21,000 ஏறும். ஐந்து நாளைக்கு முன் கிடைத்த தூண்டுதலின் பலன் இப்போது வந்துசேர்ந்து உற்பத்தி இரண்டு மடங்கானால் நாளுக்கு 46,000 ஏறும். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் இரண்டு நாளில் எண் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

அந்த நாளில் யார் என்ன கொடுத்திருந்தாலும் அதனால்தான் ஏறியது என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் எண் ஆக மோசமாகத் தாழ்ந்த அன்றுதான் சாறு தேடி ஓடுகிறார்கள். ஆகத் தாழ்ந்த நாளுக்கு அடுத்து வருவது ஏறும் நாள்தானே. பப்பாளி இலைச் சாற்றில் சத்து உண்டா இல்லையா என்பதை இந்தக் கணக்கு முடிவுசெய்யாது. "குடித்தார், ஏறியது" என்பது மட்டும் சான்றாகாது என்று அடித்துச் சொல்லும். சாறு குடிக்காதவருக்கு எவ்வளவு ஏறியது என்பதோடு ஒப்பிட்டால்தான் பேச்சே தொடங்கும்.

பிளேட்லெட் ஏற்றுவதற்கும் இதே கணக்கு பொருந்தும். அழிவு உச்சத்தில் இருக்கும்போது வெளியிலிருந்து ஏற்றும் பிளேட்லெட்டுக்கு மட்டும் தனி ஆயுள் கிடையாது, அதுவும் சேர்ந்தே அழியும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் வெளியான ஒரு சோதனையில், எண் 20,000 அல்லது அதற்கும் கீழே இருந்தும் ரத்தக்கசிவு பெரிதாக இல்லாத டெங்கு நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு அதனால் தடுக்கப்படவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தம் கசிகிறவரின் நிலை வேறு, அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

நியூட்ரோஃபில்: கையிருப்பு உள்ள படை

நியூட்ரோஃபிலின் கணக்கு இன்னும் வேகமானது. மஜ்ஜை தினமும் உண்டாக்குவது 10,000 கோடி அளவில். எந்த ஒரு நொடியிலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பது ஏறக்குறைய 2,000 கோடி, ரத்தநாளச் சுவரை ஒட்டி நிற்பது இன்னொரு 2,000 கோடி. வகுத்துப் பாருங்கள், அரை நாளுக்குள் மொத்தப் படையும் மாறிவிடுகிறது.

இவற்றுக்கு ஒரு வசதி உண்டு. முழுதாக வளர்ந்த நியூட்ரோஃபில்கள் மஜ்ஜைக்குள்ளேயே பல மடங்கு கையிருப்பாக நிற்கின்றன. பாக்டீரியா புகுந்தால் புதிதாகத் தயாரிக்கும்வரை காத்திருக்காமல் கையிருப்பைத் திறந்துவிடலாம். சில மணி நேரத்தில் வெள்ளையணு எண்ணிக்கை எகிறுவது இதனால்தான். கையிருப்பு கரையக் கரைய, முழுதாக முதிராதவற்றையும் மஜ்ஜை அனுப்பத் தொடங்கும். பரிசோதனைக்கூடத்தில் அவற்றைப் பார்த்தால் தொற்று கடுமை என்று புரிந்துகொள்வார்கள்.

"வெள்ளையணு குறைவாத்தான் இருக்கு, அப்ப இன்ஃபெக்‌ஷன் இல்ல" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தப்பு. தொற்று மிகக் கடுமையாகி, வரத்தை மிஞ்சி வெளியேற்றம் போனாலும் மட்டம் தாழும். அப்போது குறைந்த எண்தான் கூடுதல் ஆபத்து.

தாமதம் வந்தால் மட்டம் ஆடும்

பின்னூட்டமும் தாமதமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் விசித்திரமான ஒன்று நடக்கும். அணையின் மட்டம் குறைகிறது, மேலே இருந்து தண்ணீர் கேட்கிறோம். வரவில்லை. இன்னும் கேட்கிறோம். ஒருநாள் கேட்டதெல்லாம் சேர்ந்து வந்து அணை நிரம்பி வழிகிறது. பதறிப்போய் நிறுத்தச் சொல்கிறோம். சில நாள் கழித்து வரத்து அடியோடு நின்று மட்டம் பாதாளத்துக்குப் போகிறது. யாரும் தவறு செய்யவில்லை, தாமதம் மட்டுமே குற்றவாளி.

1977-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மேக்கியும் லியான் கிளாஸும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ரத்த அணுவின் இன்றைய உற்பத்தி, இன்றைய மட்டத்தைப் பொறுத்ததல்ல, சில நாளுக்கு முந்தைய மட்டத்தைப் பொறுத்தது என்று ஒரே ஒரு சமன்பாடு. தாமதம் சிறியதாக இருந்தால் மட்டம் அமைதியாக ஓரிடத்தில் நிற்கிறது. தாமதத்தைக் கூட்டினால் சீராக ஏறி இறங்குகிறது. மேலும் கூட்டினால் எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாக ஆடுகிறது. கணிதக்காரர்கள் இந்தக் கடைசி நிலையைக் குழப்பநிலை என்பார்கள்: விதி தெளிவாக இருந்தும் போக்கை நெடுநாளைக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலை. அந்தச் சமன்பாடு பிற்பாடு ரத்தவியலைவிடக் கணிதத் துறையிலேயே பெரும் புகழ் பெற்றது.

உண்மையில் இப்படி ஆடும் நோயாளிகள் இருக்கிறார்கள். சுழற்சி நியூட்ரோபீனியா என்ற அரிய மரபுநோயில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை சுமார் 21 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஏறும். அந்தச் சில நாளில் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் வரும். சாம்பல் நிறக் கோலி நாய்களிலும் இதே மாதிரி நோய் உண்டு, அவற்றின் சுழற்சி இன்னும் குறுகியது. நோயின் வேர் ஒரு மரபணுவில் இருப்பது 1999-இல் தெரியவந்தது. வளரும் நியூட்ரோஃபில்கள் மஜ்ஜையிலேயே மடிந்துபோகின்றன. மரபணு நாள்தோறும் அதேதான். பிறகு ஏன் 21 நாளுக்கு ஒருமுறை? அந்தத் தாளத்தைப் புரிந்துகொள்ளத்தான் தாமதக் கணக்கு தேவைப்படுகிறது.

இந்நோய்க்குக் கொடுக்கும் ஜி-சி.எஸ்.எஃப். என்ற மருந்து, நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்டும் இயற்கை ஹார்மோனின் தயாரிக்கப்பட்ட வடிவம். 1989-இல் வெளியான சிகிச்சை முடிவுகளில் எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் ஆட்டம் நின்றுவிடவில்லை, சுழற்சி 21 நாளிலிருந்து 14 நாளாகக் குறுகியது. மருந்து அணுக்களின் சாவைக் குறைப்பதோடு மஜ்ஜையில் அவை முதிரும் நேரத்தையும் சுருக்குகிறது. தாமதம் சுருங்கினால் சுழற்சியும் சுருங்கும்.

சுருக்கமாக: குறைந்தால் கூட்டு, கூடினால் குறை என்ற பின்னூட்டம் மட்டத்தைக் காக்கிறது. அதன் பலன் தாமதமாக வந்தால் அதே பின்னூட்டம் மட்டத்தை ஆட்டிவைக்கும்.

வைரஸையும் சேர்த்துக்கொண்டால்

இனி எதிரியையும் கணக்கில் எழுதலாம். வைரஸ் தொற்றுக்கான அடிப்படை மாதிரியில் மூன்றே மட்டங்கள்: வைரஸ் புகக்கூடிய நல்ல செல்கள், வைரஸ் புகுந்துவிட்ட செல்கள், வெளியே திரியும் வைரஸ்கள். நல்ல செல்லும் வைரஸும் சந்தித்தால் தொற்றிய செல் உருவாகும். தொற்றிய செல் சாகும்வரை வைரஸைக் கொட்டும். வைரஸ் சில மணி நேரத்தில் அழிக்கப்படும்.

இந்தக் கணக்கின் மிகப் பெரிய வெற்றி எச்.ஐ.வி.யில் கிடைத்தது. தொற்றிய முதல் சில வாரங்களுக்குப் பிறகு, பல ஆண்டுகளுக்கு ரத்தத்தில் வைரஸ் அளவு அதிகம் மாறாமல் நிற்கும். வைரஸ் உறங்குகிறது என்றே பலரும் எண்ணினார்கள். 1995-இல் டேவிட் ஹோவின் குழுவும் ஜார்ஜ் ஷாவின் குழுவும் நோயாளிகளுக்கு வைரஸ் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, அளவு எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று பார்த்தார்கள். வரத்தை அடைத்தால் மட்டம் இறங்கும் வேகம் வெளியேற்றத்தைச் சொல்லிவிடும் அல்லவா? லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஆலன் பெரல்சன் ஹோ குழுவினருடன் போட்ட கணக்கு 1996-இல் வெளியானது: தினமும் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகி, அதே அளவு அழிகின்றன. அசையாமல் நின்ற மட்டத்துக்கு அடியில் அப்படியொரு வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெருக்கத்தில் ஒற்றை மருந்துக்குத் தப்பும் மரபுமாற்றம் எப்படியும் தோன்றிவிடும். ஒரே நேரத்தில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு இந்தக் கணக்கு வலுவான காரணம் தந்தது.

எதிர்ப்பாற்றலிலும் தாமதம் உண்டு. புதிதாக வந்த கிருமியை அடையாளம் கண்டு, அதற்குப் பொருத்தமான வெள்ளையணுக்கள் பெருக ஒரு வாரம் போல ஆகும். கிருமி அதுவரை காத்திருக்காது. கணக்குக்காக வைரஸ் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கொள்வோம். ஐந்து நாளில் இருபது இரட்டிப்பு, பத்து லட்சம் மடங்கு. எதிர்ப்பு இரண்டு நாள் முன்னதாக வந்துவிட்டால் எட்டு இரட்டிப்புகள் மிச்சம், வைரஸ் 256 மடங்கு குறைவு. தடுப்பூசி உடலில் விட்டுச்செல்லும் நினைவுச் செல்கள் செய்யும் முக்கிய வேலை இந்தத் தாமதத்தைக் குறைப்பது. "இம்யூனிட்டி அதிகம், குறைவு" என்று கூஜாவில் இருக்கும் தண்ணீர் போலப் பேசுகிறோம். எத்தனையாவது நாளில் வந்துசேர்கிறது என்பதுதான் பல தொற்றுகளில் கதையை முடிவுசெய்கிறது.

டெங்குவில் காய்ச்சல் விட்டபின் ஆபத்து வருவதும் இந்தத் தாமதத்தோடு சேர்ந்தது. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும்போது ரத்தத்தில் வைரஸ் பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும். தாமதமாகக் கிளம்பிய எதிர்ப்பாற்றலின் கொந்தளிப்பு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். சிலருக்கு ரத்தநாளங்கள் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறும். இந்த 24 முதல் 48 மணி நேரத்தில் மருத்துவர் பிளேட்லெட்டோடு ஹீமட்டோகிரிட்டையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் விழுக்காட்டையும், திரும்பத் திரும்பப் பார்ப்பார். நீர் கசிந்தால் அது ஏறும். குடும்பக் குழுக்களில் அந்த எண்ணைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

எங்கே இந்தக் கணக்கு தடுமாறும்?

இரண்டு வேறு கதைகள் ஒரே வளைகோட்டைத் தரலாம். ஃப்ளூவில் வைரஸ் சில நாளில் உச்சிக்குப் போய் இறங்குகிறது. எதிர்ப்பாற்றல் அடக்கியதாலா, புகுவதற்கு நல்ல செல்கள் தீர்ந்துபோனதாலா? 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்ப்பாற்றலையே எழுதாத மூன்று மட்ட மாதிரி கூட நோயாளிகளின் தரவுக்கு நன்றாகப் பொருந்தியது. எதிர்ப்பாற்றல் வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. வைரஸ் அளவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது என்றுதான் பொருள். வேறொன்றையும் அளந்தாக வேண்டும்.

நாம் போட்ட பிளேட்லெட் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. மூன்றில் ஒரு பங்கு பிளேட்லெட்கள் மண்ணீரலில் தங்கியிருப்பதை விட்டுவிட்டோம். ஒருவருக்கு ஆயுள் 8 நாள், இன்னொருவருக்கு 10. இப்படியொரு மாதிரி பொதுவான போக்கைச் சொல்லும், உங்கள் வீட்டு நோயாளியின் நாளைய எண்ணைச் சொல்லாது.

அந்தத் தனி ஆளின் எண்ணையும் சொல்ல முயலும் இடம் புற்றுநோய்ச் சிகிச்சை. கீமோ மருந்து மஜ்ஜையில் பிரியும் செல்களைக் கொல்கிறது. ஆனால் நியூட்ரோஃபில் அன்றே இறங்குவதில்லை, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் அடிமட்டத்துக்குப் போகிறது. ஏற்கெனவே வழியில் இருந்தவை வந்து தீரும்வரை மட்டம் தாங்குகிறது. 2002-இல் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த லேனா ஃப்ரிபெர்கும் சகாக்களும் இதை ஐந்து கட்டங்களாக எழுதினார்கள்: பிரியும் செல்களுக்கு ஒன்று, முதிரும் வழிக்கு மூன்று, ரத்தத்துக்கு ஒன்று, கூடவே ஒரு பின்னூட்டம். மருந்து ஆய்வில் இன்றும் பரவலாகப் பயன்படுவது இது. ஒரு நோயாளியின் முதல் சுற்றில் சில முறை எடுத்த எண்ணிக்கைகளை அதில் உள்ளிட்டால், அவருடைய மஜ்ஜையின் வேகத்தை மாதிரி ஊகித்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் எந்த நாளையொட்டி எண் ஆகத் தாழும், எவ்வளவு தாழும், மருந்தின் அளவைக் குறைத்தால் எவ்வளவு தாங்கும் என்று ஊசி போடுவதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்கலாம்.